600 அடித் தண்ணீரும் பாட்டில் அடியில் தங்கிய சிவப்பு வண்டலும்

மோட்டாரைப் போட்டு, குழாய் முனையில் வெள்ளை பக்கெட்டைப் பிடித்தால் கண்ணாடி மாதிரி தண்ணீர் விழும். பக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால் லேசாகக் கலங்கியிருக்கும். ஒரு மணி நேரத்தில் மஞ்சள். மறுநாள் காலையில் அடியில் செங்கல் தூளைக் கரைத்து விட்டாற்போல ஒரு படிவு, மேலே வானவில் நிறத்தில் மெல்லிய ஏடு. போர் போட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆழம் 600 அடி. மேல்மட்டத் தண்ணீர் வேண்டாம், ஆழத்தில்தான் சுத்தமான தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போட்ட போர்.

நான் வேதியியல் படித்தவன் இல்லை. பைப், பம்பு, வயரிங் வேலைகளில் கைப்பழக்கம் உண்டு, அவ்வளவுதான். ஒன்றரை வருடமாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்ததைக் கோத்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வந்த பிளம்பர் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, உள்ளே இறங்குற பைப்பு துருப்பிடிச்சிருச்சு. அதை மாத்திட்டா தண்ணி சரியாயிரும்."

"கேசிங் பி.வி.சி.தானே?"

"கேசிங் இல்லைண்ணே, மோட்டாரைத் தாங்குற ஜி.ஐ. பைப்பைச் சொல்றேன்."

நியாயமாகத்தான் பட்டது. மோட்டாரை மேலே தூக்கி, ஜி.ஐ. பைப்பைக் கழற்றிவிட்டு எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பைப் போட்டு இறக்கினோம். ஒரு நாள் முழுக்கப் போனது. மறுநாள் பக்கெட்டில் அதே சிவப்பு. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. துருப்பிடித்த பைப்பிலிருந்து வரும் தண்ணீர் வரும்போதே கலங்கலாக வரும். தெளிவாக வந்து, காற்றுப் பட்ட பிறகு சிவக்கிறது என்றால் இரும்பு கரைந்த நிலையில் பூமிக்குள்ளிருந்தே வருகிறது. ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு கரைந்தே கிடக்கும். வெளியே வந்து காற்றைத் தொட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகித் திரிந்துவிடும். பைப்பை மாற்றும் முன்பே பக்கெட் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

அந்த வானவில் ஏடு பற்றியும் ஒரு சின்னச் சோதனை. டீசல், ஆயில் ஏதும் கலந்திருக்குமோ என்று பயந்தால் ஒரு குச்சியால் ஏட்டைக் கலைத்துப் பாருங்கள். எண்ணெய் என்றால் திரும்பவும் ஒன்றுசேரும். இரும்பும் இரும்பு பாக்டீரியாவும் உண்டாக்கிய ஏடு கண்ணாடித் துண்டு உடைவது போலச் சில்லு சில்லாகப் பிரிந்து அப்படியே நிற்கும். எங்கள் வீட்டில் சில்லுதான்.

முதல் அமைப்பு

காற்றுப் பட்டால் இரும்பு தானே வெளியேறுகிறது என்றால், வீட்டுக்குள் வருவதற்கு முன்பே காற்றைக் காட்டிவிடலாமே. கணக்கு ரொம்ப எளிது. 1 மில்லிகிராம் இரும்பைத் திரித்தெடுக்க சுமார் 0.14 மில்லிகிராம் ஆக்சிஜன் போதும். சாதாரண வெப்பத்தில் காற்றோடு நன்றாகக் கலந்த தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் இருக்கும். ஆக, ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை. இழுத்தடிப்பது வேகம்தான், அதைத் தீர்மானிப்பது பி.எச்., அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண். பி.எச். ஒரு படி கூடினால் இரும்பு திரியும் வேகம் 100 மடங்கு கூடும். எங்கள் தண்ணீரின் பி.எச். 6.9. சில நிமிடங்களிலிருந்து அரை மணிக்குள் பெரும்பகுதி திரிந்துவிடும். இதுவே 5.9 ஆக இருந்திருந்தால் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், சுண்ணாம்போ சோடாவோ சேர்க்காமல் வேலை நடக்காது.

நான் கட்டியது இப்படி: மோட்டார் பைப்பின் முனையில் நான்கு ஷவர் தலைகள். அவற்றிலிருந்து தண்ணீர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து 1000 லிட்டர் தொட்டியில் விழும். தொட்டியின் நடுவே ஒரு தடுப்பு, தண்ணீர் சுற்றிப் போகட்டும் என்று. அங்கிருந்து இரண்டு மணல் டிரம்கள். கடைசியில், தரைத்தொட்டிக்குள் இறங்கும் இடத்தில், குழாய்களில் வழவழப்புப் பிடிக்காமலிருக்கக் கொஞ்சம் குளோரின் சொட்டு. இந்தக் குளோரின் சொட்டு இருந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுவே தகராறாகும்.

மணல் டிரம்மில்தான் ஆகப் பெரிய முட்டாள்தனம் செய்தேன். நீல நிற 200 லிட்டர் டிரம். அடியில் ஜல்லி, அதற்கு மேல் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை சலித்த மணல். மணல் அதிகம் இருந்தால் நன்றாக வடிகட்டும் என்று விளிம்புக்கு ஒரு ஜாண் கீழே வரை நிரப்பிவிட்டேன். பத்து நாளில் தண்ணீர் இறங்கவில்லை. பேக்வாஷ் செய்யலாம் என்று கீழிருந்து தண்ணீரைத் திருப்பிவிட்டேன். மணல் பொங்கி, விளிம்பைத் தாண்டி, வாசல் வரை செந்நிற மணல் ஆறு. பாதி மணல் போயே போய்விட்டது.

சரி, மணலைக் குறைத்தேன், 45 சென்டிமீட்டர். மேலே ஒரு முழம் வெற்றிடம். இப்போது பொங்கவில்லை, ஆனால் சுத்தமும் ஆகவில்லை. மணலைத் தோண்டிப் பார்த்தால் உள்ளே கோலிக்குண்டு போலச் சேற்று உருண்டைகள். காரணம் மோட்டாரின் வேகம். மோட்டார் நிமிடத்துக்கு 40 லிட்டர்தான் தரும். டிரம்மின் பரப்பு கிட்டத்தட்ட கால் சதுர மீட்டர். அந்த அளவு மணலைப் புரட்டி எடுக்க நிமிடத்துக்கு 150 லிட்டராவது கீழிருந்து வர வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இரண்டு அங்குல பைப் ஒன்றைத் தனியாக இறக்கி, ஒரு கேட் வால்வு போட்டேன். ஒரு நேரத்தில் ஒரு டிரம்.

பேக்வாஷ் சரியாக நடக்கிறதா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. தண்ணீர் ஏறும்போது கையை மணலுக்குள் விடுங்கள். சரியான வேகம் வந்ததும், அதுவரை தரை மாதிரி இறுகியிருந்த மணல் சட்டென்று விட்டுக்கொடுக்கும், கை முழங்கை வரை தடையில்லாமல் இறங்கும், மணல் தண்ணீரைப் போலவே நெளியும். எங்காவது ஒரு மூலையில் கெட்டியாகத் தட்டுப்பட்டால் அங்கே உருண்டை இருக்கிறது என்று அர்த்தம். கையாலேயே உடைத்துவிடலாம்.

பேக்வாஷ் தண்ணீர் கிட்டத்தட்ட ரத்தச் சிவப்பில் வெளியேறும். அதைக் கொல்லைச் செடிகளுக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். இரும்புச் சத்துதானே, செடிக்கு நல்லது என்று.

சிவப்பு நின்றது. பக்கெட்டை ஒரு இரவு வைத்தாலும் அடியில் ஒன்றுமில்லை. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

கறுப்பு

இரண்டு மாதம் கழித்து ஃப்ளஷ் தொட்டியின் உட்சுவரில் கறுப்பாக, கை வைத்தால் மை போல ஒட்டும் ஒரு படிவு. வெள்ளைத் துணிகளில் சாம்பல் புள்ளிகள். இது மாங்கனீஸ். இரும்பின் பங்காளி, ஆனால் இரும்பைப் போல இலகுவாக மசியாது. வெறும் காற்றை வைத்து மாங்கனீஸைத் திரிக்க பி.எச். 9-ஐத் தாண்ட வேண்டும். நம் தண்ணீரில் அது ஷவரிலும் திரியாது, மணலிலும் நிற்காது. நேராக வீட்டுக்குள் வந்து, குளோரினோடு மெதுவாகச் சேர்ந்து, தொட்டிச் சுவரில்தான் கறுக்கும்.

எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு லேபில் சோதிக்கலாம் என்று முடிவு செய்தேன். மாங்கனீஸ் மட்டும் கேட்கப் போனவன், பட்டியலைப் பார்த்ததும், வந்ததற்கு எல்லா உலோகங்களையும் பார்த்துவிடுவோம் என்று டிக் அடித்தேன். அந்த ஒரு டிக்குக்கு இப்போது வரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டிலிருந்த ஒரு பாட்டிலைக் கழுவி, போர் தண்ணீரைப் பிடித்து வைத்தேன். வேலை மும்முரத்தில் கொண்டுபோய்க் கொடுக்க நான்கு நாள் ஆகிவிட்டது. ரிப்போர்ட் வந்தது: இரும்பு 0.3 மில்லிகிராம், மாங்கனீஸ் 0.6 மில்லிகிராம், ஆர்செனிக் என்ற நஞ்சு 4 மைக்ரோகிராம், எல்லாமே லிட்டருக்கு. ஆர்செனிக்குக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10 மைக்ரோகிராம். அதனால் அந்த வரியைக் கண்கள் தாண்டிப் போய்விட்டன. உறுத்தியது இரும்பு. 0.3 என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. பிறகு நான் வாரா வாரம் டிரம்மிலிருந்து வழித்துப் போடும் சேறு எங்கிருந்து வருகிறது?

ரிப்போர்ட்டோடு லேபுக்குப் போனேன். சோதனை செய்த பெண் மீதமிருந்த பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து வந்து, குலுக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"சார், அடியில பாருங்க. சுவரோரமும் பாருங்க."

அடியில் ஒரு நகக்கண் அளவு செந்நிற வண்டல். பிளாஸ்டிக் சுவரில் விரலால் பூசிய மாதிரி மஞ்சள் கறை.

"நாங்க மேலே தெளிஞ்சு நின்ன தண்ணியைத்தான் எடுத்தோம். உங்க இரும்பு மொத்தமும் கீழே உட்கார்ந்திருச்சு. பாட்டில்ல ஆசிட் போட்டிருந்தீங்களா?"

"ஆசிட்டா?"

அவர் சிரிக்கவில்லை. "மாங்கனீஸ் அவ்வளவு சீக்கிரம் படியாது, அதனால அந்த எண் சரியா இருக்கும். இரும்பை நம்பாதீங்க. ஆர்செனிக்கையும் நம்பாதீங்க சார். இரும்பு கீழே போகும்போது அதையும் பிடிச்சுக்கிட்டுத்தான் போகும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கடைசி வாக்கியம்தான்.

இரண்டாவது மாதிரி

இந்த முறை லேபிலேயே பாட்டில் கொடுத்தார்கள். உள்ளே நைட்ரிக் அமிலத் துளிகள் இருந்தன, பாட்டிலைக் கழுவக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்கள். பி.எச். 2-க்குக் கீழே இருந்தால் உலோகம் எதுவும் படியாது, சுவரிலும் ஒட்டாது. மொத்தம் மூன்று பாட்டில்கள். போர் தண்ணீருக்கு இரண்டு: ஒன்றில் அப்படியே பிடிப்பது, மற்றொன்றில் 0.45 மைக்ரான் வடிகட்டி மாட்டிய சிரிஞ்சு வழியாக, தண்ணீர் வெளியே வந்த நிமிடமே வடிகட்டிப் பிடிப்பது. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் உலோகம் கரைந்தே வருகிறது. வித்தியாசம் இருந்தால் துகளாக வருகிறது. மூன்றாவது பாட்டில் மணல் டிரம் தாண்டி வரும் தண்ணீருக்கு, குளோரின் சொட்டுக்கு முன்பு.

பிடிப்பதற்கு முன்னால் போரில் தேங்கி நிற்கும் பழைய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கேசிங் விட்டம் ஆறரை அங்குலம், தண்ணீர் நிற்பது 90 அடியில், அதற்குக் கீழே 510 அடித் தண்ணீர்த் தூண். கணக்குப் போட்டால் சுமார் 3300 லிட்டர். மூன்று மடங்கு வெளியேற்றுவது வழக்கம் என்றார்கள், அதாவது 10,000 லிட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல். தொட்டிகளை முதல் நாளே காலி செய்து வைத்து, ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு, பி.எச். மீட்டரும் கடத்துதிறன் மீட்டரும் காட்டும் எண்கள் அசையாமல் நின்ற பிறகுதான் பாட்டிலைத் திறந்தேன். அன்று மாலையே மூன்றும் லேபில்.

போர் தண்ணீர்: இரும்பு 4.6, மாங்கனீஸ் 0.62 மில்லிகிராம். ஆர்செனிக் 62 மைக்ரோகிராம். வடிகட்டியதும் வடிகட்டாததும் ஏறக்குறைய ஒன்றே.

மணல் டிரம்மைத் தாண்டியது: இரும்பு 0.1, மாங்கனீஸ் 0.58, ஆர்செனிக் 28.

இதைத்தான் வீட்டில் எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தோம். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கண்ணை உறுத்திய இரும்போடும் கறுப்போடும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நிஜ விஷயம் சத்தமே போடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே குடிக்கவும் சமைக்கவும் மழைநீர்த் தொட்டிக்கு மாறினோம். குளிக்க, துவைக்கப் பயமில்லை. ஆர்செனிக் தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகக் குறைவு. குடிப்பதும் சமைப்பதும்தான் ஆபத்து. காய்ச்சினால் போய்விடுமா என்று வீட்டில் கேட்டார்கள். போகாது, தண்ணீர்தான் ஆவியாகும், மிஞ்சுவதில் ஆர்செனிக் இன்னும் அடர்த்தியாகும்.

எங்கிருந்து வந்தது

கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, ஏதாவது தொழிற்சாலைக் கழிவா என்றுதான். இல்லை. யாரும் எதையும் கொட்டவில்லை. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலில் ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய துருப் பூச்சு இருக்கும். அந்தத் துருவில் ஆர்செனிக் ஒட்டிக்கொண்டிருக்கும். மணலோடு சேர்ந்து இலை, தழை, கரிமச் சத்துகளும் புதையும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் ஆக்சிஜனைத் தீர்க்கும், பிறகு நைட்ரேட்டை, பிறகு மாங்கனீஸ் ஆக்சைடை, அதற்கும் பிறகு துருவிலிருக்கும் இரும்பை. துரு கரைகிறது. அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக் பிடிமானம் இழந்து தண்ணீரோடு போகிறது. கறுப்பும் சிவப்பும் ஆர்செனிக்கும் ஒரே குழாயில் சேர்ந்து வந்தது தற்செயல் இல்லை. எல்லாம் ஒரே சமையலறையிலிருந்து வருபவை.

எல்லா இடத்திலும் இதே கதை என்றும் சொல்ல முடியாது. ஆக்சிஜன் இருக்கும், காரத்தன்மை கூடிய நிலத்தடி நீரிலும் ஆர்செனிக் துருவை விட்டுக் கழன்று வரும். அர்ஜென்டினாவின் சமவெளிகளில் அப்படித்தான். அங்கே இரும்பு சிவந்து எச்சரிக்காது. கிரானைட் பாறைகளில் யுரேனியம் வரலாம், அதற்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு 30 மைக்ரோகிராம். தண்ணீர் சிவக்கவில்லை, அதனால் நல்ல தண்ணீர் என்று யாராவது சொன்னால் நான் இப்போது தலையாட்டுவதில்லை.

இந்தக் கதையின் மிகப் பெரிய பாடம் வங்காள வடிநிலத்தில் இருக்கிறது. குளம், குட்டைத் தண்ணீரில் வரும் காலராவிலிருந்தும் வயிற்றுப்போக்கிலிருந்தும் தப்பிக்க 1970-களில் தொடங்கி வங்கதேசத்தில் லட்சக்கணக்கில் அடிகுழாய்கள் இறக்கினார்கள். நல்ல எண்ணம்தான். ஆர்செனிக்கைச் சோதிக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. மேற்கு வங்கத்தில் 1983-இல் தோல் புண்களோடு வந்தவர்களிடம் இது கண்டுபிடிக்கப்பட்டது, வங்கதேசக் கிணறுகளில் 1993-இல். பிறகு கிணறு கிணறாகச் சோதித்து, ஆபத்தான குழாய்க்குச் சிவப்பும் பாதுகாப்பானதற்குப் பச்சையும் பூசினார்கள். அங்கே நடந்த பெரிய ஆய்வில், 150 மீட்டருக்கு மேற்பட்ட ஆழக் கிணறுகளில் மிகச் சிலதான் சிக்கின. ஆழம் குறைந்தவற்றில் நான்கில் ஒன்றுக்கு மேல் 50 மைக்ரோகிராமைத் தாண்டின. ஆழம் என்றால் பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு அப்படி ஒரு நியாயம் உண்டு. ஆனால் வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் ஆழத்திலிருந்து ஓயாமல் இறைத்ததில் களிமண் அடுக்குகள் நசுங்கி, அவற்றிலிருந்து பிழியப்பட்ட நீர் ஆழக் கிணறுகளுக்கும் ஆர்செனிக்கைக் கொண்டுவந்திருக்கலாம் என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. என்னுடைய 600 அடி என்பது 183 மீட்டர். அந்த எண்ணுக்குத் தனியாக எந்த மந்திரமும் இல்லை.

குளோரின் சொட்டை இடம் மாற்றியது

ஆர்.ஓ. ஒன்று மாட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே என்றார் ஒரு நண்பர். இரண்டு காரணங்களால் வேண்டாம் என்று வைத்தேன். ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் ஆர்செனிக் பெரும்பாலும் ஆர்செனைட் என்ற வடிவில் இருக்கும். சாதாரண பி.எச்.-இல் அதற்கு மின்னேற்றம் கிடையாது. அதனால் ஆர்.ஓ. சவ்வு அதை, ஆக்சிஜன் கூடிய வடிவமான ஆர்செனேட்டை நிறுத்துவது போல நிறுத்தாது. அடுத்தது, 4.6 மில்லிகிராம் இரும்பு சவ்வின் கழுத்தைச் சீக்கிரமே நெரித்துவிடும்.

இரும்பு திரியும்போது ஆர்செனிக்கைப் பிடித்துக்கொள்ளும் என்று லேபில் சொன்னது மறக்கவில்லை. 62-ஐ 28 ஆக்கியது என் மணல் டிரம் செய்த தற்செயல் உபகாரம். பாதிக்கு மேல் போயிருக்கிறது. மீதி ஏன் போகவில்லை? பிடிக்க இரும்பு போதவில்லையா? 1 பங்கு ஆர்செனிக்குக்கு 20 பங்கு இரும்பாவது வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எங்கள் தண்ணீரில் 74 பங்கு இருக்கிறது. இரும்பு ஏராளம். அப்படியானால் கோளாறு ஆர்செனிக்கின் வடிவத்தில்தான். ஆர்செனேட்டைத் துரு நன்றாகப் பிடிக்கும், ஆர்செனைட்டை அரைமனதாகத்தான். காற்று இரும்பைச் சில நிமிடங்களில் திரித்துவிடும். ஆர்செனைட்டை மாற்ற அதற்கு நாட்கள், வாரங்கள் பிடிக்கும். குளோரின் உடனே மாற்றிவிடும்.

குளோரின்தான் ஏற்கெனவே இருந்ததே! கடைசியில். அதாவது இரும்பெல்லாம் மணலில் நின்ற பிறகு. நான் ஆர்செனிக்கைப் பிடிக்க வசதியான வடிவத்துக்கு மாற்றிவைத்தது, பிடிப்பதற்கு ஆளே இல்லாத இடத்தில். அந்த ராத்திரி இதை நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

புது மருந்தோ புது வடிகட்டியோ தேவைப்படவில்லை. அதே குளோரினை ஷவருக்கு முன்னால், மோட்டார் பைப்பிலேயே செலுத்த வேண்டும், அளவைக் கூட்டி. கணக்கு: 1 மில்லிகிராம் இரும்புக்கு 0.64, மாங்கனீஸுக்கு 1.3 மில்லிகிராம் குளோரின். மொத்தம் 3.7 வந்தது. மிச்சம் கொஞ்சம் நிற்க வேண்டும் என்பதால் 4.5 என்று வைத்தேன். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 180 மில்லிகிராம். குளோரின் தரும் ஹைப்போகுளோரைட்டை 1 சதவீதமாகக் கரைத்தால் நிமிடத்துக்கு 18 மில்லிலிட்டர். சொட்டுக் குழாயில் இதைச் செய்ய முடியாது, பைப்பில் அழுத்தம் இருக்கிறது. மருந்தை அளவாகச் செலுத்தும் சின்ன டோசிங் பம்ப் ஒன்றை வாங்கி, மோட்டார் ஓடினால்தான் அதுவும் ஓடும்படி ஸ்டார்ட்டரிலேயே இணைத்தேன். இந்த இணைப்பைத் தவிர்க்காதீர்கள். தனி ஸ்விட்ச் வைத்தால் ஒருநாள் மோட்டார் நின்று, டோசிங் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஹைப்போகுளோரைட் கேன் நிழலில் இருக்கட்டும். வெயிலில் வைத்த என் முதல் கேனின் வீரியம் குறைந்துபோனது, சேறு சரியாகப் படியாதபோதுதான் தெரிந்தது.

அளவு சரியா என்று பார்க்க, குளோரின் இருந்தால் நிறம் மாறும் டி.பி.டி. மாத்திரையைப் போட்டு இளஞ்சிவப்பைப் பார்ப்போமே, அதிலும் ஒரு வாரம் ஏமாந்தேன். குளோரினால் திரிந்த மாங்கனீஸும் அதே இளஞ்சிவப்பைக் கொடுக்கும். குளோரின் தாராளமாக இருக்கிறது என்று நினைத்துக் குறைத்துக்கொண்டே வந்தேன். மணலைத் தாண்டிய தண்ணீரில் சோதித்த பிறகுதான் உண்மை அளவு தெரிந்தது. இப்போது அங்கே 0.5 மில்லிகிராம் நிற்கும்படி வைத்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து அமிலம் போட்ட பாட்டிலில் மறுபடி பிடித்துக் கொடுத்தேன். ஆர்செனிக் 6.

மாங்கனீஸ் 0.51. இதற்கென்று தனி வடிகட்டி மணல் வாங்கத்தான் எண்ணியிருந்தேன். வாங்குவதற்குள் டிரம்மில் ஒரு வேடிக்கை நடந்தது. பேக்வாஷில் அள்ளிப் பார்த்தபோது மணல் பழுப்பிலிருந்து கறுப்புக்கு மாறிக்கொண்டிருந்தது. கழுவினாலும் போகாத கறுப்பு. குளோரின் எப்போதும் மணலைத் தொட்டுக்கொண்டு போவதால் மாங்கனீஸ் டை ஆக்சைடு ஒவ்வொரு மணலின் மேலும் பூச்சாகப் படிந்து, அந்தப் பூச்சே அடுத்து வரும் மாங்கனீஸைப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. இதற்குத்தான் ஆட்கள் பூச்சுப் போட்ட மணலை வாங்குகிறார்கள். எனக்கு ஓசியில் பழுத்துக் கிடைத்தது. இரண்டரை மாதத்தில் மாங்கனீஸ் 0.05. ஃப்ளஷ் தொட்டியைத் தேய்த்துவிட்டேன், கறுப்பு திரும்ப வரவில்லை.

மாதம் ஒருமுறை கிட் வைத்து நானே ஆர்செனிக் பார்க்கிறேன். புட்டியில் தண்ணீர், அமிலத் தூள், துத்தநாகத் தூள். மூடியில் மெர்க்குரிக் புரோமைடு தடவிய காகிதம். ஆர்செனிக் வாயுவாகி மேலே வந்து காகிதத்தில் கறையாகும். போர் தண்ணீருக்குக் காகிதம் நல்ல மஞ்சளாகி ஓரம் பழுப்பேறும். வடிகட்டிய தண்ணீருக்கு, வெள்ளைத் தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மஞ்சளா என்று சந்தேகமே வரும். அந்த வாயு நஞ்சு, காகிதத்தில் பாதரசமும் உண்டு. திறந்த வெளியில் கையுறையோடு செய்கிறேன். கிட் தோராயம்தான், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை லேப்.

இன்னும் முடியாத வேலை: சேறு

நாளைக்கு 1000 லிட்டர் ஓடினால் 56 மில்லிகிராம் ஆர்செனிக் மணலில் நிற்கிறது. வருடத்துக்கு 20 கிராம். காய்ந்த சேறு வருடத்துக்கு மூன்று கிலோவைச் சொச்சம் தாண்டும். அதாவது சேற்றில் ஒரு கிலோவுக்கு 6 கிராம் ஆர்செனிக். இதைத்தான் இரும்புச் சத்து என்று செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பாத்தியில் இப்போது எதுவும் போடுவதில்லை.

ஒரு குழி தோண்டி, சாணமும் குப்பையும் சேர்த்து மூடிவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். கேட்டவுடன் சரி என்று தோன்றும். ஆனால் ஈரத்தில், காற்றில்லாமல், கரிமக் குப்பையோடு துருவைப் புதைப்பது என்றால், 600 அடிக்குக் கீழே நடந்ததை வீட்டுக் கொல்லையில் நாமே மறுபடி நடத்துவதுதான். துரு கரையும், ஆர்செனிக் கழன்று நிலத்துக்குள் இறங்கும்.

ஆகவே பேக்வாஷ் தண்ணீர் இப்போது தரையில் விழுவதில்லை. சிமெண்ட் தொட்டி ஒன்றில் இரண்டு நாள் தெளியவிட்டு, மேல்தண்ணீரைத் திரும்ப ஷவர் தொட்டிக்கே அனுப்புகிறேன். கீழே தங்கும் சேற்றைத் தார்ப்பாய் விரித்த தொட்டியில் காயவைத்து, மூடியுள்ள டிரம்மில் போடுகிறேன். காயும்போது தூள் பறக்காமல் மேலே ஒரு துணி. டிரம்மின் மேல் பெயிண்டில் ஆர்செனிக் என்று எழுதி, கூரைக்குக் கீழே, தரையிலிருந்து உயர்த்தி வைத்திருக்கிறேன். அபாயகரக் கழிவு எடுப்பவர்களிடம் கேட்டதற்கு, இவ்வளவு சின்ன அளவுக்கு வண்டி அனுப்ப மாட்டோம், நிறைந்ததும் நீங்களே கொண்டுவாருங்கள் என்றார்கள். நேற்று திறந்து பார்த்தேன். இன்னும் கால் டிரம்கூட ஆகவில்லை.